குதிரைக்கும் சேர்த்து இடம் பாருங்கள்

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



ஆடி மாதம் பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். வேடிக்கை பார்க்கப் போனவர் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதும் உண்டு. குதிரையின் அழகு அப்படி! வீட்டுக்கு வந்த பிறகுதான், "இதை எங்கே கட்டுவது?" என்ற கேள்வி எழும். டவுனில் குடியிருப்பவராக இருந்தால், "ரெண்டு ஏக்கர் தோட்டமா ஒண்ணு வாங்கிப் போட்டு, அங்கேயே வீடும் கட்டிக்கிட்டா குதிரைக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு" என்று நினைப்பார். நினைப்பு நல்லதுதான். ஆனால் எந்த ஊரில், எந்த மண்ணில், எந்தத் தோட்டம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கொங்கு நாட்டுக் கிராமப்புறத்தில் குதிரையோடு குடியேற இடம் தேடுபவர்களுக்காக இன்று சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக் குதிரைகளுமாக 6 லட்சத்துக்கு மேல் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. ஏழே வருடத்தில் பாதிக்குக் கிட்ட! வண்டிக் குதிரை போனதோடு, குதிரையைப் பற்றித் தெரிந்த ஆட்களும் ஊரில் குறைந்துபோனார்கள். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டாலே போதும். இப்போது குதிரை வாங்குபவர் பெரும்பாலும் மாடு வளர்த்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் குதிரையைப் பார்க்கிறார். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குதிரை மாடு அல்ல. மூன்று விஷயங்களில் அது வேறு. ஒன்று வயிறு. மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அவசரமாக மேய்ந்துவிட்டு, படுத்து அசை போடும். குதிரைக்கு இரைப்பை ஒன்றே ஒன்று. அதுவும் சுமார் 10 லிட்டர்தான் பிடிக்கும். அசை போடாது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது உபத்திரவம் செய்தால் வெளியே தள்ள வழியில்லை. இரண்டாவது கால். மாட்டுக்கு இரட்டைக் குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. ஈரத்தில் நின்றால் அடிப்பாகம் அழுகும். மூன்றாவது சுபாவம். மாடு பயந்தால் நின்று பார்க்கும். குதிரை பயந்தால் ஓடும். எதிரே கம்பி இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்று பார்க்காமல் ஓடும்.

வீடு பிடிக்கவில்லை என்றால் இடித்துக் கட்டலாம். தண்ணீரையும் மண்ணையும் பக்கத்துத் தோட்டத்தையும் கிரயம் முடிந்த பிறகு மாற்ற முடியாது. ஆகவே மனிதர் கண்ணோடு வீட்டைப் பார்ப்பதற்கு முன், குதிரையின் வயிற்றையும் காலையும் சுபாவத்தையும் மனதில் வைத்து நிலத்தைப் பாருங்கள். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

தண்ணீர்

முதலில் தண்ணீர். 400 கிலோ எடையுள்ள குதிரை நிழலில் சும்மா நின்றாலும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் குடிக்கும். சித்திரை வெயிலும் சவாரியும் சேர்ந்தால் 50 லிட்டர் வரை போகும். கழுவுவதற்கும் லாயம் சுத்தம் செய்வதற்கும் சேர்த்து, தலைக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் கணக்குப் போடுங்கள். தண்ணீர் குறைந்தால் குதிரை மெலிவது அப்புறம். முதலில் குடலில் தீவனம் காய்ந்து கட்டிப்போகும். அதுதான் உயிரைக் குடிக்கும் வயிற்று வலிக்கு வழி.

நிலம் பார்க்கும்போது, "கிணறு இருக்குதுங்களா?" என்று கேட்டால் மட்டும் போதாது. கூட்டுக் கிணறு என்றால் உங்கள் பங்கு எத்தனை, எந்தக் கிழமை முறை என்பது பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குதிரைக்குத் தண்ணீர் முறை வைத்துக் காட்ட முடியாது, தினமும் வேண்டும். போர் மட்டும் இருந்தால், சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தரகர் சொல்வதை விட, பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டி வருடம் பல ஆனவர் சொல்வதே நிஜம்.

தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 3000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தக் கிணற்றை நம்பிக் குதிரை கட்ட வேண்டாம். உப்புத் தண்ணீரைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். நாம், "குடிக்க மாட்டேங்குது" என்போம். நொய்யல் ஆற்றங்கரையில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாயக் கழிவு அந்த ஆற்றையும் அதை ஒட்டிய கிணறுகளையும் எவ்வளவு கெடுத்தது என்பது ஊரறிந்த சங்கதி. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிடும் அளவுக்குப் போன விஷயம் அது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு சீக்கிரம் போகாது. ஆற்றோரம் விலை சல்லிசாகக் கிடைக்கிறது என்றால், ஏன் சல்லிசு என்று கேளுங்கள்.

மண்

அடுத்தது மண். குதிரைக்கு ஏற்றது தண்ணீர் நிற்காத மேட்டு நிலம். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி மிக நல்லது. மழை பெய்த மறுநாளே கால் வைக்கலாம். குளம்பும் இறுகி உறுதியாக வளரும். கரிசல் மண் மழைக்காலத்தில் அப்பிக்கொள்ளும், கோடையில் வெடித்துப் பிளக்கும். ஓடும் குதிரையின் கால் வெடிப்பில் மாட்டினால் எலும்பு முறியும். கரிசல் நிலத்தில் லாயம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நிற்கும் இடத்துக்கும் நடக்கும் பாதைக்கும் சரளை கொட்டி மேடாக்குவதற்கான செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

வாய்க்கால் பாசனப் பகுதியில் இன்னொரு தொந்தரவு. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அதன் கீழ்ப்புறத்துத் தாழ்ந்த நிலங்களில், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கசிவு நீர் மேலே வரும். ஒரு குடும்பத்தார் அப்படி ஒரு நிலத்தை மாசி மாதத்தில் பார்த்தார்கள். பசேலென்று புல், தென்னை நிழல், கெட்டியான தரை. உடனே பேசி முடித்துவிட்டார்கள். ஐப்பசியில் லாயத்தைச் சுற்றிக் கணுக்கால் அளவு சேறு. இரண்டு மாதம் குதிரை ஈரத்திலேயே நின்றது. குளம்பின் அடியில் கறுப்பாகக் கசிந்து, நாற்றமெடுத்து, கால் ஊன்ற முடியாமல் போனது. வைத்தியம் செய்து கால் தேறியது; ஆனால் அடுத்த மழைக்கு அதே கதை. கடைசியில் நிலம் தங்கியது, குதிரையை விற்றுவிட்டார்கள். குதிரைக்காக வாங்கிய நிலம் அது! குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இங்கே குழி பறித்தது குதிரை அல்ல, மாசி மாதத்துப் பார்வை.

வெறும் மணல் பூமியும் ஆகாது. ஆற்றோர மணலில் தரையில் தீவனம் போட்டால், குதிரை புல்லோடு மணலையும் சேர்த்துத் தின்னும். மணல் குடலில் தங்கி அடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்திருந்தால், உள்ளேயும் மணல் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் தீவனத்தைத் தொட்டியில்தான் போட வேண்டும்.

தீவனம்

400 கிலோ குதிரைக்கு உலர்ந்த நிலையில் கணக்கிட்டால் நாளுக்குச் சுமார் 8 கிலோ தீவனம் வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 3 டன். "ஒரு ஏக்கர் காடு இருக்குது, மேஞ்சுக்கும்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். மழை குறைந்த மானாவாரிக் காட்டில் ஒரு ஏக்கரை நம்பி ஒரு குதிரையை வருடம் முழுக்க விட முடியாது. மேய்ச்சல் போக மீதியை விளைவிக்கவோ வாங்கவோ வேண்டும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்துக் கொரங்காடுகளை நீங்கள் அறிவீர்கள். முள்கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாட்டை வளர்த்து ஆளாக்கியதே அந்தப் புல்தான். திறந்த வெளி, காய்ந்த தரை, நல்ல காற்று என்று பார்த்தால் குதிரைக்கும் இதை விட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்னும் உப்பு இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும். மாதக்கணக்கில் இந்தப் புல்லை மட்டுமே தின்ற குதிரை தன் எலும்பில் உள்ள சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். நடை விறைக்கும், இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும், முகத்து எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு. இது போதாதென்று தவிட்டை அள்ளி வைத்தால் கேடு இரட்டிப்பாகும். தவிட்டில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு.

அதற்காகக் கொரங்காடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே குதிரைமசால் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது பார்த்தீர்களா! குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. விதைத்து 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 21 நாளிலிருந்து 30 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். தண்ணீர் தேங்காத, உவர் இல்லாத மண்ணும் பாசனமும் வேண்டும். 10 சென்ட் போட்டாலும் தினம் ஒரு கட்டு கிடைக்கும். அதுவே முழுத் தீவனமாகிவிடக் கூடாது. காய்ந்த புல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அருகம்புல் தானாக வளரும் வரப்பும் வாய்க்கால் மேடும் உள்ள தோட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. குதிரைக்கு அது மிக ஏற்ற புல். ஆக்சலேட் தொல்லையும் குறைவு.

சோளம் விளையும் ஊர் என்றால் முற்றிக் காய்ந்த தட்டு மட்டும் கொடுங்கள். இளம் பயிரிலும், அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்பிலும் நஞ்சு உண்டு என்பது மாட்டுக்காரர்களுக்குத் தெரியும். குதிரைக்கு அது வேறு விதமாகவும் கெடுதல் செய்யும். பச்சைச் சோளத்தைத் தொடர்ந்து மேய்ந்தால் சிறுநீர்ப்பை செயல் இழந்து, பின்னங்கால் தள்ளாடும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைக் குதிரைப் பக்கமே கொண்டுவரக் கூடாது; அது மூளையைத் தாக்கும்.

வேலியும் பக்கத்துத் தோட்டமும்

இப்போது குதிரையின் சுபாவத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் நிலம் என்றால் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டியிருப்பார்கள். மாட்டுக்கு அது போதும். குதிரை இடி முழக்கத்துக்கோ வெடிச் சத்தத்துக்கோ மிரண்டு ஓடினால், கம்பி கண்ணில் படாது. மார்பிலும் காலிலும் சதை கிழியும். முள்கம்பி வேலி உள்ள நிலம் வாங்கினால் குதிரை விடும் பகுதிக்கு உள்ளே மூங்கில் அல்லது மரச் சட்டத்தால் தனி வேலி போடும் செலவைச் சேர்த்துக் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலிதான் குதிரைக்கு வேலி.

கிணற்றை எட்டிப் பாருங்கள். நம் பக்கத்துக் கிணறுகள் 80 அடி, 100 அடி ஆழம். பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மிரண்டு ஓடும் குதிரைக்கும், அதைப் பிடிக்க இருட்டில் பின்னால் ஓடும் மனிதருக்கும் அது எமன். உங்கள் கிணற்றுக்கு மட்டும் சுவர் கட்டினால் போதாது. வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றையும் பாருங்கள்.

பக்கத்தில் கோழிப் பண்ணை இருக்கிறதா? பல்லடம், நாமக்கல் பகுதிகளில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஈத் தொல்லை ஒரு பக்கம் இருக்கட்டும். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலைத் தடுப்பதற்காக மோனென்சின் போன்ற மருந்தைக் கலப்பது உண்டு. கோழிக்கு அது மருந்து; குதிரைக்குக் கொஞ்சமே போதும், இருதயச் சதையைக் கெடுத்துக் கொன்றுவிடும். சிந்திய தீவனத்தையோ, "சல்லிசாக் கிடைக்குது" என்று மீந்த மூட்டையையோ குதிரைக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். வேலியோரம் அரளியும் ஆமணக்கும் இருந்தால் குடிபோவதற்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். வேலிக்காத்தான் மண்டிய நிலமானால் முள் குளம்பில் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

மலையடிவாரம் பார்க்க ரம்மியமாக இருக்கும். சத்தியமங்கலம், பர்கூர் அடிவாரத்திலும் கோவைக்கு மேற்கே தடாகம், ஆனைகட்டிப் பக்கத்திலும் இடம் தேடுபவர் பலர். அங்கே யானை வழக்கமாக வருகிற தடம் எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். தீவனப் போரும் உப்பும் வைத்திருக்கும் இடத்தை யானை தேடி வரும். கட்டிப் போட்ட குதிரை ஓடித் தப்பிக்கவும் முடியாது. சில மலையோரக் கிராமங்களில் கட்டடம் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவை என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

ஈயும் நோயும்

தேங்கிய தண்ணீரும் சேற்று விளிம்பும் உள்ள இடத்தில், மாட்டைக் கடித்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈ பெருகும். அந்த ஈதான் சர்ரா நோயைப் பரப்புகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தச் சோகை, காலிலும் வயிற்றடியிலும் நீர் வீக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1880-இல் பஞ்சாபில் குதிரைகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர். மாட்டின் உடம்பில் அந்தக் கிருமி வெளியே தெரியாமல் இருந்துகொள்ளும், குதிரையைக் கொல்லும். ஆகவே லாயத்தை மாட்டுக் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் கட்டாதீர்கள். நடுவே எவ்வளவு இடைவெளி விட முடிகிறதோ அவ்வளவும் நல்லது.

ஒரு குதிரை நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். வருடத்துக்கு 7 டன் வரை. குப்பைக் குழிக்கு லாயத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் 100 அடி தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இடம் இருக்க வேண்டும். மக்கிய குதிரை எருவுக்கு நல்ல கிராக்கி உண்டு. பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு வண்டி அனுப்பிப் பாருங்கள், உறவு தானாக வளரும். மாறாக, ஈயும் நாற்றமும் அவர் வீட்டுக்குப் போனால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பேச்சு உங்களைப் பற்றித்தான்.

குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். சின்ன ஆணி குத்தினாலும் அது உடம்பில் ஏறும். குதிரைக்கு மட்டுமல்ல, லாயத்தில் வேலை செய்யும் உங்களுக்கும் ஆபத்து. குதிரைக்கு ரண ஜன்னித் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறாமல் போட வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் ரண ஜன்னி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒரு குதிரை வந்தால் மூன்று வாரம் தனியே கட்ட ஒரு மூலை வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். மூக்கில் கெட்டியான சளி, தோலில் உடையும் கட்டிகள் தெரிந்தால் மறைக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது.

மருத்துவர் எத்தனை தூரம்?

தோட்டத்திலிருந்து சினிமாக் கொட்டகை எத்தனை தூரம் என்று வீட்டில் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, குதிரையைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் எத்தனை தூரம் என்பது. உள்ளூர் மருந்தகத்து மருத்துவரைக் குடிபோவதற்கு முன்பே பாருங்கள். குதிரை வைத்தியம் பார்ப்பாரா, இரவில் வருவாரா, மேல்சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு லாரியில் ஏற்றிப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் கணக்கிடுங்கள். 1962 என்ற தொலைபேசி எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். குதிரையின் வயிற்று வலி நேரம் பார்த்து வருவதில்லை. குதிரை தின்னாமல் நிற்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைத் தோண்டும், படுத்துப் புரளும், வியர்க்கும். சாணம் வராது. நல்ல நிலையில் நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை இருக்கும் நாடி, 60-ஐத் தாண்டினால் மோசம். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அந்த நேரத்தை நிர்ணயிப்பது நீங்கள் வாங்கிய இடம். மருத்துவர் வரும் வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள்; மெல்ல நடத்துங்கள். மாட்டுக்குச் செய்கிற பழக்கத்தில் மூங்கில் குழலில் எண்ணெயை ஊற்றிப் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால், வயிற்று வலியில் தப்பிய குதிரை அதில் போய்விடும்.

லாடக்காரரையும் விசாரியுங்கள். குதிரைக் குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுபவர் எல்லோருக்கும் குதிரைக் குளம்பு கைவராது. அந்தக் கை தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார், உங்கள் தோட்டத்துக்கு வருவாரா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

தடமும் அக்கம்பக்கமும்

பத்திரத்தில் பட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பது போலத் தடப் பாத்தியத்தையும் பாருங்கள். பாதை பொதுத் தடமா, இன்னொருவர் பட்டா நிலத்தில் இரக்கப்பட்டு விட்ட வழியா? குதிரை ஏற்றிய வண்டி மழை நாளிலும் உள்ளே வந்து திரும்ப வேண்டும். மேலே தாழத் தொங்கும் மின்கம்பி கூடாது. பெருஞ்சாலை ஓரம் நிலம் மதிப்பானது. ஆனால் தினமும் சவாரிக்கு அந்தச் சாலையில்தான் இறங்க வேண்டும் என்றால், லாரிக்கும் குதிரைக்கும் நடுவே உங்கள் உயிர். மண் தடம், ஏரிக் கரை, அறுவடை முடிந்த காடு என்று நடக்க இடம் உள்ள ஊரைத் தேடுங்கள். அடுத்தவர் காட்டில் இறங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஏனுங்க, இந்தப் பக்கமா ஒரு நடை போயிக்கட்டுங்களா?" என்றால் வேண்டாமென்று சொல்பவர் குறைவு. கேட்காமல் விதைத்த காட்டில் குளம்படி பட்டால் அந்தப் பகை தலைமுறைக்கும் நிற்கும்.

இன்னொன்று, குதிரை தனிமையைத் தாங்காது. ஒற்றைக் குதிரை என்றால் துணைக்கு ஒரு வெள்ளாடாவது கட்டுங்கள். நீங்கள் வெளியூர் போனால் தண்ணீர் காட்ட ஓர் ஆள் வேண்டும். வீடும் லாயமும் ஒரே பார்வையில் இருந்தால்தான் இரவில் குதிரை புரளும் சத்தம் உங்கள் காதில் விழும். குதிரையைத் தோட்டத்தில் கட்டிவிட்டு டவுனில் தூங்குவது வளர்ப்பு ஆகாது.

லாயத்துக்கு, குதிரை ஒன்றுக்கு 12 அடிக்கு 12 அடி இடம் விடுங்கள். தரை சுற்றுப்புறத்தை விட ஓர் அடி உயரம், கூரை 10 அடிக்குக் குறையாத உயரம், பக்கங்கள் காற்றோட்டமாக இருக்கட்டும். கிழக்கு மேற்காக நீள வாட்டத்தில் கட்டினால் வெயில் குறையும். ஆடிக் காற்று அடிக்கும் பகுதியில் மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தடுப்பும், ஒன்றிரண்டு வேம்போ புங்கனோ போதும்.

எப்போது போய்ப் பார்ப்பது?

ஒரே நாளில் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். சித்திரையில் ஒரு முறை போனால் கிணறு உண்மை சொல்லும். ஆடியில் போனால் காற்றும் புழுதியும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மண்ணும் ஈயும் கொசுவும் தெரியும். ஒரு முறை இரவிலும் போய் நில்லுங்கள். நாய்க் கூட்டம், பட்டறைச் சத்தம், பக்கத்துப் பண்ணை நாற்றம் எல்லாம் இரவில்தான் வெளிப்படும். முடிந்தால் அதே ஊரில் ஒரு வருடம் வாடகைக்கோ குத்தகைக்கோ இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நாலு பருவத்தையும் குதிரையோடு கழித்தவருக்குத் தரகர் தேவையில்லை.

எல்லாம் பொருந்திய இடம் எங்கும் கிடைக்காது. கொரங்காட்டு வட்டாரத்தில் தரையும் காற்றும் நல்லவை. தண்ணீரும் பசுந்தீவனமும் கணக்குப் பார்க்க வேண்டும். வாய்க்கால் வட்டாரத்தில் தண்ணீரும் தீவனமும் உண்டு. மேட்டு நிலமாகத் தேட வேண்டும். மலையடிவாரத்தில் குளிர்ச்சி உண்டு. காட்டு விலங்குக்கு வழி விட வேண்டும். பணம் செலவழித்துச் சரிசெய்யக் கூடிய குறை எது, முடியாத குறை எது என்று பிரித்துப் பாருங்கள். வேலி, லாயம், கைப்பிடிச் சுவர், குதிரைமசால் வயல் எல்லாம் பணத்தால் ஆகும். உப்புக் கிணறும், கசிவு நிலமும், மருத்துவர் எட்டாத தூரமும் பணத்தால் ஆகாது. அந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், வீடு அரண்மனையாக இருந்தாலும், கும்பிட்டுவிட்டு அடுத்த நிலத்தைப் பார்க்கப் போங்கள்.

நல்ல இடத்தில் கட்டிய குதிரை 25 வருடம் கூட உங்களோடு வாழும். மேலும் விவரம் வேண்டுவோர் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தையும் வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகலாம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு, அதன் முடிவு கையில் வந்த பிறகு கிரயம் பேசுங்கள்.